மஞ்சள் நிறம் கேட்டு வாங்கிய தெரு

மரக்காணம்,
18 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் முபீனாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மழை விட்டுவிட்டது, அதோடு உன் அம்மாவின் முழங்கால் வலியும் விட்டுவிட்டது, நாங்கள் இருவரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஷஃபியும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? பனியை வாரித் தள்ளும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொல். நீ அனுப்பிய போட்டோவில் கம்பளிக் குல்லா இல்லாமல் நிற்கிறாய் என்று உன் அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதையும் எழுதிவிட்டேன்.

போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். உங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருக்கும் பெண் கீழ்த்தளத்து அறையில் முடி வெட்டுகிறாளாம், வீடுகள் மட்டுமே இருக்க வேண்டிய பகுதியில் தொழில் செய்கிறாள், கார்கள் வந்து நிற்கின்றன என்று அக்கம்பக்கத்தார் நகராட்சிக்கு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்களாம். போடலாமா வேணாமா அத்தா, ஒரே வார்த்தையில சொல்லுங்க என்றாய். நான் பதில் யோசிப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கி, மனுவா, உங்க அத்தாவையா கேக்கற, ஊர்ல வேற ஆளு கெடைக்கலியா என்று சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று நீ கேட்டதற்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதிக் கதையை அவளே சொல்லிவிடுவாள், அதனால்தான் இந்தக் கடிதம். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத விஷயம் இது, முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவன் எதையுமே ஒரே வார்த்தையில் சொல்லிப் பழகாதவன் என்பதும் உனக்குத் தெரியும்.

போன வருடம் நம் தெருவில் நாங்கள் ஒரு மனு கொடுத்தோம், அது பலித்தது என்பது வரைக்கும் உனக்குத் தெரியும், இருதயப் படம் போட்டு நீ வாழ்த்தும் அனுப்பினாய். அதற்குப் பிறகு நடந்ததை வெட்கப்பட்டுக்கொண்டு உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன். ஏப்ரல் மாதம் நம் ஊருக்கான வரைவுத் திட்டம் என்று ஒரு பெரிய வரைபடத்தை பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். நான் புவியியல் நடத்தியவன் அல்லவா, மூன்று நாள் போய் நின்று பார்த்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம். வீடுகள் மட்டும் இருக்க வேண்டிய இடம் மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பயிர் நிலத்துக்குப் பச்சை. நம் தெருவுக்கு மஞ்சள்தான், ஆனால் மேலே குறுக்குக் கோடுகள் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் வீடும் சிறு தொழிலும் கலந்து இருக்கலாம் என்று பொருள். அதே நேரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிமென்ட் கடை வைத்திருக்கும் ஆதிமூலம் நம் தெருக்கோடியில் இருந்த காலி மனையை வாங்கியிருந்தார். அங்கே பெரிய உப்பு அரவை மில்லும் குடோனும் வரப்போவதாகப் பேச்சு. நம் தெருவில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும், அதில் லாரி வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் பயம். அந்தக் கோடுகளை எடுத்துவிட்டு முழு மஞ்சளாக்கிவிட்டால் மில் வராது என்று நான்தான் யோசனை சொன்னேன். உன் தெருவில் பறவை கத்துவதுகூடக் கேட்கும், அவ்வளவு அமைதி என்று நீ சொல்லச் சொல்லக் கேட்டு எனக்கும் ஒரு ஆசை இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மனுவை நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். எங்கள் தெருவில் வீடுகள் மட்டுமே உள்ளன, எந்தத் தொழிலும் நடைபெறவில்லை, ஆகவே முழுக் குடியிருப்புப் பகுதியாக அறிவிக்க வேண்டுகிறோம் என்று அழகாக எழுதினேன். எதிர் வீட்டு ரேணுகாதான் முதல் கையெழுத்துப் போட்டாள். நீ கல்லூரிக்குப் போன காலத்தில் இருட்டில் பஸ் வரைக்கும் உன்னோடு துணைக்கு நடந்து வருவாளே, அதே ரேணுகா. லாரி வந்தா எம் பேத்திய எங்க சார் வுடறது, போடுங்க மொதல்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்து மூன்று வீட்டில் பூட்டிக் கிடந்த இரண்டைத் தவிர எல்லா வீட்டிலும் வாங்கிவிட்டோம்.

இதில் தவறு எங்கே என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும், நீ இந்தத் தெருவில் வளர்ந்தவள். ஜனவரியில் தொடங்கி மழை வரும் வரைக்கும் ரேணுகா உப்பளத்துக்குப் போவாள். அக்டோபரில் மழை இறங்கி அளம் எல்லாம் ஏரி போல ஆனதும் அவள் வீட்டு முன்னறையில் இருக்கும் சின்ன அரவை மிஷினைத் துடைத்து எடுத்து வைப்பாள். அவளோடு நாலு பெண்கள் வந்து சேருவார்கள், உப்பை அரைத்து பாக்கெட் போட்டு அனுமந்தை, திண்டிவனம் கடைகளுக்குக் கொடுப்பார்கள், அந்த மூன்று மாதமும் ஐந்து குடும்பத்துக்கு அடுப்பு எரிவது அதில்தான். ஆனால் நம் ஊரில் அதை யாரும் வேலை என்று சொல்வதில்லையே. விடியும் முன் அளத்தில் இறங்கினால்தான் வேலை. மழைக்காலத்தில் யாரைக் கேட்டாலும் வேலை இல்ல, சும்மாதான் கெடக்கறோம் என்பார்கள், சொல்லிக்கொண்டே கை உப்பை அள்ளி பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கும். வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால் பிள்ளைகள் தங்களை எண்ணிவிட்டு எதிரில் நிற்கும் ஆசிரியரை எண்ணாமல் விட்டுவிடுவார்கள், அதுபோல நாங்களும் விட்டுவிட்டோம். மே மாதம் அதிகாரிகள் நேரில் பார்க்க வந்தபோது ரேணுகாவின் மிஷின் கோணிப்பையால் மூடிக் கிடந்தது, மேலே பாய் சுருட்டி வைத்திருந்தது. இங்கே ஏதாவது தொழில் நடக்கிறதா என்று அவர்கள் கேட்டதற்கு அவளே, தொழிலா, அது அளத்துல சார், இங்க வந்து துன்னுட்டுத் தூங்கறதுதான் என்று சொன்னாள். பக்கத்தில் நான் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் திருத்திய வரைபடம் வந்தது. நம் தெரு முழு மஞ்சள். உன் அம்மா கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்தாள், இந்தத் தெருவுக்கு வாழ்க்கையில முதல் தடவை கலர் அடிச்சாங்கப்பா என்று கடைசி வீட்டு மணிகண்டன் சொல்லிச் சிரித்தான். அக்டோபரில் மழை வந்தது. இத்தனை வருடம் பெயர் போடாத பாக்கெட்டில் விற்றுவந்த ரேணுகா, இந்த முறை முறையாக உரிமம் வாங்கி பாக்கெட்டில் பெயர் அச்சடிக்கலாம் என்று விண்ணப்பம் போட்டாள், அதையும் எழுதிக்கொடுத்தவன் நான்தான். பத்து நாளில் பதில் வந்தது. உங்கள் தெரு குடியிருப்பு மட்டும் என்று வரையறுக்கப்பட்டுள்ளது, மோட்டார் வைத்த எந்தத் தொழிலுக்கும் அனுமதி இல்லை, இது தெருவாசிகளின் கோரிக்கையின்படியே செய்யப்பட்டது என்று எழுதி, எங்கள் மனுவின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்து நின்றாள். சார், இதுல மொத கையெழுத்து என்னுதுதான, நானே போயி எம் மிஷினுக்குப் பூட்டு போட்டுக்கினு வந்தேனா என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை முபீனா.

வேறொருத்தியாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினை ஓட்டியிருப்பாள், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ரேணுகா அப்படிப்பட்டவள் இல்லை. பேப்பர்ல வேணாம்னு எழுதிட்டாங்க சார், ஓட்டினா கை கூசுது என்று அன்றைக்கே நிறுத்திவிட்டாள். அந்த நாலு பெண்களும் வழக்கம் போலக் காலையில் வருவார்கள், முன்னறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களில் சுலோசனா இரண்டு பெண் பிள்ளைகளை ஒண்டியாக வளர்க்கிறவள், அவளால் காத்திருக்க முடியவில்லை, நவம்பரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய் ஒரு விடுதிச் சமையலில் சேர்ந்துவிட்டாள். ஆதிமூலம் என்னை டீக்கடையில் பார்த்து, இன்னா வாத்தியாரே, எம் மிஷினு ஓடினா சத்தம், ரேணுகாம்மா மிஷினு ஓடினா பாட்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கிண்டல்தான், ஆனால் கேள்வி நியாயமானது. சைக்கிளும் வண்டி, பஸ்ஸும் வண்டி, ஆனால் சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தலாம், பஸ்ஸை நிறுத்த முடியாது என்று அவருக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில்தான், இந்த வித்தியாசத்தை மனுவில் ஒரு வரி எழுதாமல் எந்த வண்டியும் வேண்டாம் என்று எழுதியவன் நான்தானே என்று உறைத்தது.

மறுநாளே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இங்கே என்ன தொழில் என்று கேட்காமல், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இந்த வீட்டில் என்ன நடக்கும், மழையில் என்ன, வெயிலில் என்ன என்று கேட்டேன். புறப்படும்போதே உன் அம்மா, நம்ம வூட்டுலேருந்து ஆரம்பிங்க, மனு எழுதின அன்னிக்கு என்னா சொன்னீங்க ஞாபகம் இருக்குதா என்றாள். இருந்தது. அவள் புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள், மோட்டார் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, நான் மேஜையிலிருந்து, ஆரிஃபா, ஒரு நிமிஷம் அத நிறுத்து, எழுத முடியல என்று சொல்லிவிட்டு, அந்த அமைதியில்தான் எந்தத் தொழிலும் நடைபெறவில்லை என்று எழுதினேன். மிஷினு ஊர் முழுக்கக் கேக்குது, கட்டினவருக்கு மட்டும் கேக்கல என்றாள். முதல் பக்கத்தில் அவள் தையலையும் சாயங்காலம் நான் எடுக்கும் டியூஷனையும் எழுதிக்கொண்டு தெருவில் இறங்கினேன். இட்லி மாவு அரைத்து விற்கிற வீடு, கருவாடு காயவைக்கிற மாடி, மிக்ஸி ரிப்பேர், பூ கட்டுவது, கல்யாணப் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துக் கொடுப்பது, வலைக்கு மிதவை கோர்ப்பது, ஆடு, கோழி. இருபத்து மூன்று வீட்டில் ஒன்றுமே நடக்காத வீடு நாலுதான், அதிலும் இரண்டு வீட்டார் வளைகுடாவில் இருப்பதால் பூட்டிக் கிடக்கிறது. முப்பது வருடம் குடியிருக்கும் தெருவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிசம்பரில் கடைசியாக ஒரு நாள் ஆட்சேபனைகளை நேரில் கேட்பதாக அறிவித்தார்கள். ரேணுகாவையும் அழைத்துக்கொண்டு போனேன், ஆதிமூலமும் வந்திருந்தார். விசாரித்தவர் இளம்வயதுப் பெண் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும். அம்மா, இந்த மனுவை எழுதியவன் நான், இதில் இரண்டாவது வரி பொய், தெரிந்து எழுதவில்லை, ஆனாலும் பொய், அதை அடித்துவிட வந்திருக்கிறேன் என்று சொல்லி நோட்டைக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் படித்தார். ரேணுகாவைப் பார்த்து, மிஷின் சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்காதா என்று கேட்டார். அதற்கு இவள், மிஷினு ஓடசொல்ல எங்க வூட்டுக்காரு பக்கத்துலயே தூங்குவாரும்மா, நாங்க அஞ்சு பேரு பேச ஆரம்பிச்சாதான் எழுந்து திட்டுவாரு என்றாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு வரைவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, சார், முதலில் போட்டிருந்த கலப்புப் பகுதிக்கான விதியைப் படித்தீர்களா என்று கேட்டார். வீட்டு மின் இணைப்பில் ஓடும் சின்ன மோட்டார் வரைக்கும்தான் அதில் அனுமதி, அதைத் தாண்டினால் கிடையாது, லாரி ஏற்றி இறக்கும் குடோனுக்குத் தெரு இத்தனை அடி அகலம் இருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதாவது முதலில் இருந்தபடியே விட்டிருந்தால் ரேணுகாவின் மிஷின் இருந்திருக்கும், ஆதிமூலத்தின் மில் வந்திருக்காது. நாங்கள் மனு கொடுத்திருக்கவே வேண்டாம். கேள்வித்தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு எழுதுங்கடா என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேன், நான் சுவரில் இருந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே மேஜையில் கிடந்த இந்தப் புத்தகத்தைப் பிரிக்காமல் வந்துவிட்டேன். ஆதிமூலம் எழுந்து, அப்ப எனக்கு எந்தக் கலர்லயும் எடம் இல்ல, நல்லா நடத்தினீங்க சார் பாடம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நெடுஞ்சாலை ஓரம் வேறு இடம் பார்த்துக்கொண்டார், அதற்கு ஊதா நிறம்தான் போட்டிருக்கிறது, அவருக்கும் நல்லது.

போன செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. நம் தெருவுக்கு மறுபடியும் குறுக்குக் கோடு போட்டுவிட்டார்கள், ரேணுகாவுக்கு உரிமமும் கிடைக்கும். ஆனால் தேதியைப் பார், ஜனவரி. மழைக்காலம் முடிந்துவிட்டது, அளத்தில் சேறு வழித்துப் பாத்தி மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள், அந்த மூன்று மாதம் போனது போனதுதான். மறுநாளே நானும் ரேணுகாவும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் சுலோசனாவைப் பார்த்தோம். உத்தரவைக் காட்டி, வர்ற மழைக்கு மிஷினு ஓடும், வந்துடுடி என்று ரேணுகா கூப்பிட்டாள். சுலோசனா எனக்குக் காபி கொடுத்தாள், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இங்க மழையானாலும் வெயிலானாலும் வேலை இருக்குது சார், அங்க ஒரு கையெழுத்துல போயிடுதே என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ரேணுகாவே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதை வைத்து விதியே வேண்டாம் என்று அத்தா சொல்வதாக நினைத்துவிடாதே. தொட்டில் ஆடுகிற வீட்டுச் சுவரை ஒட்டி லாரி நிற்கக் கூடாதுதான், அதற்கு யாராவது கோடு போடத்தான் வேண்டும். உங்கள் தெருவில் வாசலில் கார் நிறுத்தி வழி மறித்தால் அதுவும் தொந்தரவுதான், உனக்குக் கோபம் வந்தால்கூட நான் குறை சொல்லமாட்டேன். நான் சொல்வது வேறு. மனு எழுதுகிற நேரத்தில் நமக்குத் தெருதான் தெரிகிறது, கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை. நீ போனில் பத்து நிமிடம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினாய், மூன்றாவது வீடு என்றாய், முடி வெட்டுகிறவள் என்றாய், ஒரு தடவைகூடப் பெயர் சொல்லவில்லை. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை கண்ணு, எதிர் வீட்டுப் பெண்ணின் பெயர், ஊர், பேத்தி எல்லாம் தெரிந்தும் அவள் வேலையைப் பார்க்காமல் போனவன் நான்.

உன் அம்மா சலாம் சொல்லச் சொன்னாள், கருவாட்டுப் பொடியும் ஊறுகாயும் வரும் வாரம் பார்சலில் வருகிறது, ஊறுகாயை வெளியில் வைத்துவிடாதே. மாப்பிள்ளைக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் உடல் நலத்தையும் மனநிம்மதியையும் தருவானாக. கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று இனிமேல் என்னைக் கேட்காதே, அதை நீயே முடிவு செய். வரும் சனிக்கிழமை அந்த மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டி, உன் பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணிடம் ஒரு தடவை முடி வெட்டிக்கொண்டு வா.

துஆவுடன்
உன் அத்தா
மு. தாஜுதீன்